குழந்தையைச் சுமக்க ரிங் ஸ்லிங்: துணி எடுப்பது முதல் தோளில் கட்டுவது வரை

ரிங் ஸ்லிங் என்பது ஒரு தோளில் போட்டு, இரண்டு வளையத்தில் கோத்து இறுக்கி, குழந்தையை மார்போடு சேர்த்துச் சுமக்கும் துணி. தூளி கட்டத் தெரிந்த வீட்டில் ஸ்லிங் தைப்பது பெரிய வேலையே இல்லை. இரண்டரை மீட்டர் துணி, இரண்டு வளையம், நேராக மூன்று வரித் தையல், அவ்வளவுதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தூளியைப் பார்த்துப் பழகிய கண்ணும் கையும் ஸ்லிங்கிலும் குழந்தையைத் தூளியில் கிடத்துவது போலவே குறுக்கே படுக்க வைக்கப் பார்க்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், குழந்தையும் சட்டென்று தூங்கிவிடும். ஆனால் செய்யக்கூடாத ஒன்று அதுதான்.

2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு தொடர்புள்ள இறப்புகள் குறைந்தது 14. அவற்றில் 12 குழந்தைகளுக்கு 4 மாதம்கூட நிறையவில்லை. ஆபத்து இரண்டு வழியில் வரும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஒன்று, குழந்தையின் மூக்கும் வாயும் துணியிலோ சுமப்பவரின் உடம்பிலோ அழுந்திவிடுவது. இன்னொன்று, முதுகு வில்லாக வளைந்து முகவாய் நெஞ்சில் இடிப்பது. பச்சைக்குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது, இளசானது; கழுத்து மடிந்தால் அதுவும் மடியும். தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ளக் குழந்தைக்குத் தெம்பு கிடையாது. அழவும் மூச்சு வேண்டுமே, அதனால் சத்தமே வராது. ஆகவே இங்கே சொல்வது நிமிர்ந்த நிலை ஒன்றை மட்டும்தான்.

குறைமாதத்தில் பிறந்தவை, 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தவை, சளியோ மூச்சிரைப்போ உள்ளவை, 4 மாதம் நிறையாதவை ஆகிய குழந்தைகளுக்குக் கட்டும் முன் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருப்பதாகச் சொல்லப்பட்ட குழந்தைக்கும் அப்படித்தான்.

துணி

"பழைய சேலைதான் குழந்தைக்கு மெத்தென்று இருக்கும்" என்று பாட்டிமார் சொல்வது தூளிக்குச் சரி. ஸ்லிங்குக்குச் சரிவராது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணியில் இழை தேய்ந்திருக்கும். வளையத்துக்குள் நெருக்கி இழுபடும் இடத்தில் அதுதான் முதலில் கிழியும். புதுத்துணி எடுங்கள்.

நூறு சதவீதப் பருத்தி, அல்லது லினன். நெசவுத்துணியாக இருக்க வேண்டும்; பனியன் துணி வேண்டாம், எடை ஏற ஏற அது இளகிக்கொண்டே போகும். கனம் சதுர மீட்டருக்கு 180 முதல் 240 கிராம். இந்தக் கணக்கைத்தான் ஜி.எஸ்.எம். என்பார்கள், கடைக்காரருக்குத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் வீட்டுத் தராசு போதும்: 90 செ.மீ. அகலத்தில் இரண்டரை மீட்டர் துணி 400 முதல் 540 கிராம் வரை நிற்க வேண்டும். கைத்தறிப் படுக்கை விரிப்புக்குப் பேர்போன சென்னிமலை ஈரோடு பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே நெய்யும் விரிப்புகளில் மெல்லிய ரகம் இதற்கு ஒத்துவரும். பவானி ஜமக்காளம் முரட்டுக் கனம், வளையத்துக்குள் நுழையவே நுழையாது. 80-ம் நம்பர், 100-ம் நம்பர் என்ற மிக மெல்லிய நூலில் நெய்த சேலை இதற்கு நேர்மாறு: ஒற்றையாகப் போட்டால் தோளில் கயிறாக அறுக்கும். இரட்டையாக வைத்துத் தைக்கலாம், ஆனால் இரண்டு அடுக்கும் ஒரே சீராக இறுகாது, ஒன்று இறுகும்போது இன்னொன்று தொய்ந்து நிற்கும். முதல் ஸ்லிங்குக்கு அந்தத் தொல்லை வேண்டாம். பட்டு, சாட்டின், பளபளப்பான பட்டுப்பருத்தி எல்லாம் வளையத்தில் வழுக்கும்.

கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடலாம். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள், எங்காவது இழை விலகியோ மெலிந்தோ தெரிந்தால் வேண்டாம். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாவு (நீள இழை) வாக்கிலும் ஊடை (குறுக்கு இழை) வாக்கிலும் அழுத்தி இழுங்கள். இழை நகர்ந்து சந்து விடக்கூடாது. பிறகு மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், அப்போது மட்டும் லேசாக நீள வேண்டும். அந்த நீட்சிதான் குழந்தையின் முதுகோடு துணியைப் படிய வைக்கிறது. கலப்படச் சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாக உருளும், அந்தத் துணி நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

வளையம்

இதில் மட்டும் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றக் கூடாது. திரைச்சீலை வளையம், பிளாஸ்டிக் வளையல், நாய்ப்பட்டை வளையம், கைவினைக் கடையில் கிடைக்கும் பித்தளை வளையம் எதுவுமே ஆகாது. பெரும்பாலானவை கம்பியை வளைத்து ஒட்டுப் போட்டவை. பளு ஏறினால் ஒட்டு விடும், விடும் முன்பே அந்த முனை துணியை அரைக்கும். குழந்தை ஸ்லிங்குக்கென்றே விற்கும், ஒட்டில்லாத அலுமினியம் அல்லது நைலான் வளையம் வாங்குங்கள். இணையத்தில் "ஸ்லிங் ரிங்" என்று தேடினால் கிடைக்கும். உள்விட்டம் 3 அங்குலம், அதாவது சுமார் 75 மி.மீ. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

வந்ததும் கொஞ்சம் பஞ்சை எடுத்து வளையத்தைச் சுற்றி முழுவதும் தேய்த்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முயலாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வெட்டும் முன்

துணியை வெந்நீரில் ஒருமுறை, சாதாரண நீரில் ஒருமுறை துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கைத்தறித் துணி முதல் துவைப்பில் நன்றாகவே சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அளவும் போகும், தையல் கோடும் இழுத்துச் சுருக்கும். கஞ்சியும் இதிலேயே இறங்கிவிடும்.

சுருங்கிய துணியில் 2.30 மீட்டர் நீளம், 76 செ.மீ. அகலம் வெட்டுங்கள். பாவு இழை நீளவாக்கில் ஓட வேண்டும். கத்தரியை நம்பி நேராக வெட்ட முயல்வதைவிட, ஓர் ஊடை இழையை உருவி, அது விட்டுப்போன கோட்டிலேயே வெட்டுவது மேல். துணி கோணலாக இருந்தால் கட்டும்போது ஒரு கரை இறுகி மறுகரை எப்போதும் தளர்ந்தே நிற்கும். அதற்குப் பிறகு மருந்தே கிடையாது.

இந்த அளவு நடுத்தர உடம்புக்கு. முடிந்தபின் வளையத்திலிருந்து முந்தி (வளையம் இல்லாத மறுமுனை) வரை சுமார் 2 மீட்டர் வரும். மெலிந்தவருக்கு 15 செ.மீ. குறைக்கலாம், பருத்தவருக்கு 15 முதல் 20 செ.மீ. கூட்டலாம், அப்போது இரண்டரை மீட்டருக்கு மேல் துணி எடுக்க வேண்டும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மாறி மாறிச் சுமப்பதானால் பெரியவர் அளவுக்கே வெட்டுங்கள். நீளம் மிஞ்சினால் முந்தி கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். குறைந்தால் கட்டவே முடியாது.

தையல்

ஊசி 16-ம் நம்பர். நூல் நல்ல பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் வியர்வையிலும் இழுப்பிலும் சீக்கிரம் நைந்துபோகும். தையல் நீளம் 3 மி.மீ. அதைவிடப் பொடியாகப் போட்டால் ஊசித்துளைகள் நெருங்கி, தபால்தலை ஓரம் போல அந்த வரியிலேயே துணி கிழியும். துணியின் நிறத்துக்கு நேர் எதிரான நிறத்தில் நூல் எடுங்கள். ஒவ்வொரு முறை கட்டும் முன்பும் தையலைப் பார்க்கப் போகிறீர்கள், தெரிந்தால்தானே பார்க்க முடியும்.

முதலில் இரண்டு நீளக் கரைகளையும் 7 மி.மீ. வீதம் இரண்டு மடிப்பாக மடித்து அடியுங்கள். நெசவிலேயே வந்த கரை இருந்தால் அந்தப் பக்கம் அப்படியே விடலாம். மடிப்பு பட்டையாகப் போனால் வளையத்துக்குள் ஓரம் தடித்துச் சிக்கும். மேல்கரைக்கு ஒரு நிறம், கீழ்கரைக்கு இன்னொரு நிறம் என்று நூலை மாற்றிவிடுங்கள், கங்கா ஜமுனா கரைச் சேலை மாதிரி. கண்ணாடி முன் நின்று எந்த ஓரத்தை இழுப்பது என்று திணறும்போது இதன் அருமை தெரியும். ஸ்லிங்கை மறு தோளுக்கு மாற்றினால் மேல்கரை கீழாகும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முந்திப்பக்க முனையை இரண்டு மடிப்பாக மடித்து ஒரு தையல். இந்த முனையைச் சற்றுச் சாய்வாக வெட்டிக்கொண்டால் வளையத்தில் கோக்க எளிது.

இனி வளைய முனை. முழுப் பளுவும் தாங்குவது இங்கேதான். முனையை 1 செ.மீ. வீதம் இரண்டு முறை மடித்து இஸ்திரி போட்டு, அந்த முனையை இரண்டு வளையத்துக்குள்ளும் சேர்த்து நுழைத்து, துணியின் உள்புறமாக 25 செ.மீ. திருப்பி மடக்குங்கள். துணியை முழு அகலத்துக்கும் பரப்பி, குண்டூசி குத்தி, மடிப்பின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே முதல் வரி. அதற்கு 8 மி.மீ. தள்ளி இரண்டாவது. இன்னொரு 8 மி.மீ. தள்ளி மூன்றாவது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் 2 செ.மீ. முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். நடுவில் பாபின் நூல் தீர்ந்தால் அந்த வரியைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பதுதான் சரி.

25 செ.மீ. ஏன் என்றால், அதைவிடக் குறைத்தால் வளையம் துணியைச் சுருக்கி, மெஷின் பாதத்துக்கு அடியில் அகலமாகப் பரப்ப முடியாது. சுருக்கோடு சுருக்காக அடித்தால் நடுநடுவே ஊசி துணியைத் தவறவிடும்.

தோளில் கொசுவம் வைத்துத் தைக்கும் முறையும் உண்டு. கச்சிதமாக இருக்கும், ஆனால் ஒருவர் தோளுக்கு அளந்து வைத்தது இன்னொருவருக்கு உட்காராது. மேலே சொன்னதில் துணி தானாகச் சுருங்கித் தோளில் பரவும். புதிதாகத் தைப்பவருக்கு அதுவே போதும்.

எடைச் சோதனை

குழந்தைக்கு முன்னால் அரிசி. இரண்டு உறுதியான மேசைகளுக்கு நடுவே உலக்கையைக் குறுக்காக வைத்து, ஸ்லிங்கை வளையத்தில் கோத்து அதில் மாட்டி, 15 கிலோ அரிசிப்பையை உள்ளே வையுங்கள். பை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கினால் போதும். ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பையை லேசாகத் தூக்கித் தூக்கி இருபது முறை விடுங்கள். இறக்கிவிட்டுப் பாருங்கள்: தையல் துளை நீண்டிருக்கிறதா, வளையம் நசுங்கியிருக்கிறதா, துணி வளையத்தில் வழுக்கி இறங்கியிருக்கிறதா. துளை நீண்டிருந்தால் துணி மெல்லிசு, கூடுதலாக ஒரு வரி அடித்துச் சமாளிக்க முடியாது. வழுக்கியிருந்தால் துணியைத்தான் மாற்ற வேண்டும்.

கோப்பது

வளையம் ஒரு தோளின் முன்புறம். துணி அந்தத் தோளைத் தாண்டி முதுகில் சாய்வாக இறங்கி, எதிர்ப்பக்க அக்குள் அடியில் முன்னால் வந்து, மார்பின் குறுக்கே மீண்டும் வளையத்துக்கு வரும். முதுகில் எங்கும் முறுக்கு இருக்கக் கூடாது. முந்தியைக் கீழிருந்து இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைத்து, மேல்வளையத்தின் மேலாக மடக்கி, கீழ்வளையத்துக்குள் மட்டும் விட்டு இறக்குங்கள். இரட்டை வளைய இடுப்புப்பட்டை போடுவது போலத்தான். மடக்காமல் நேராக விட்டால் பளு ஏறியதும் உருவிக்கொண்டு வந்துவிடும். கோத்ததும் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு வளையத்துக்குள் துணியை விசிறி போல விரித்துவிடுங்கள். மேல்கரை வளையத்தின் ஒரு கோடியிலும் கீழ்கரை மறுகோடியிலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். "இழுத்தால் இறுகவே மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம், துணி உள்ளே சுருண்டு கிடப்பதுதான்.

குழந்தையை வைப்பது

முதல் சில நாள் பொம்மையையோ 3 கிலோ அரிசிப்பொட்டலத்தையோ வைத்துக் கண்ணாடி முன் பழகுங்கள். குழந்தையோடு முதல் முறை கட்டிலருகே நின்று, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். பசியில் அழும் குழந்தையோடு தொடங்க வேண்டாம்.

கட்டும் முன் உங்கள் உடம்பைப் பாருங்கள். சேலைத்தலைப்பில் குத்திய ஊக்கைக் கழற்றுங்கள், தோள் ஊக்கு குழந்தையின் கன்னத்துக்கு நேராக இருக்கும். தாலிச்சங்கிலியை ரவிக்கைக்குள் விடுங்கள். கண்ணாடி வளையல் வேண்டாம். குழந்தையின் கொலுசும் துணியில் சிக்கும். அரைஞாண் துணியின் அழுத்தத்தில் வயிற்றில் பதியும், தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடங்கும்போது வளையம் தோளின் உச்சிக்கு அருகில் இருக்கட்டும், இறுக்க இறுக்க அது கீழே வரும். கடைசியில் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். துணியைத் தோள்முட்டு வரை பரப்பிவிடுங்கள். கழுத்தோரம் குவிந்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலி தொடங்கும்.

வளையம் இல்லாத தோளில், ஏப்பம் விடத் தட்டும்போது பிடிப்பது போலக் குழந்தையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கை குழந்தையை விட்டு நகரவே கூடாது. மறு கையை ஸ்லிங்கின் கீழிருந்து மேலே விட்டுக் குழந்தையின் கால்களைப் பிடித்து, உங்கள் வயிற்றுக்கும் துணிக்கும் நடுவே இறக்குங்கள். கீழ்கரையை ஒரு முழங்கால் மடக்கிலிருந்து மறு முழங்கால் மடக்கு வரை விரித்து, குழந்தையின் பிட்டத்துக்கு அடியால் சுருட்டி, உங்கள் இருவர் வயிற்றுக்கும் நடுவே குழந்தையின் தொப்புள் உயரம் வரை ஏற்றிச் செருகுங்கள். இதுதான் இருக்கை. ஆழமாகச் செருகாவிட்டால் குழந்தை காலை உதைத்து நிமிரும்போது துணி வெளியே வந்துவிடும், குழந்தை கீழே நழுவும். நழுவி விழும் விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு மடிப்புதான்.

முழங்கால் இரண்டும் பிட்டத்தைவிட உயர்ந்து, தவளை உட்கார்ந்திருப்பது போல இருக்கட்டும். இடுப்பில் தூக்கி வைத்தால் குழந்தை தானாகவே காலை அப்படித்தான் மடக்கும். கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. மேல்கரை கழுத்துப் பிடரி வரை வர வேண்டும். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதற்குக் கீழே இறங்கக் கூடாது, தலையை மூடவும் கூடாது.

இப்போது இறுக்குங்கள். ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தை லேசாகத் தூக்கிப் பளுவை எடுத்துவிட்டு, மறு கையால் முந்தியை இழுங்கள். மொத்தமாகப் பிடித்து இழுக்காமல் கீழ்கரை, நடு, மேல்கரை என்று பட்டை பட்டையாக. நேர் கீழே இழுத்தால் வளையமும் சேர்ந்து இறங்கும். எதிர்ப்பக்கத்தை நோக்கிக் குறுக்கே இழுக்க வேண்டும். கடைசியில் குழந்தையின் முதுகில் கைவைத்து அழுத்துங்கள். உங்கள் உடம்பைவிட்டு விலகாமலும் அசையாமலும் இருந்தால் இறுக்கம் சரி.

ஒவ்வொரு முறையும், தூங்கிவிட்ட பிறகும், பார்க்க வேண்டியவை: குனியாமலே முகம் தெரிகிறதா, மூக்கும் வாயும் துணி படாமல் இருக்கிறதா, உச்சந்தலையில் முத்தம் கொடுக்க எட்டுகிறதா, முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா, முதுகு சரியாமல் நிமிர்ந்திருக்கிறதா. ஒன்று தவறினாலும் இறுக்கிச் சரிசெய்யுங்கள். குறட்டை, முனகல் போல மூச்சு கேட்டால் உடனே வெளியே எடுங்கள்.

பால் கொடுக்க வேண்டுமானால் வளையத்தைத் தளர்த்திக் குழந்தையைக் கீழே இறக்கிக் கொடுக்கலாம். பால் குடித்தபடியே தூங்கிவிட்டால், எழுந்துவிடுமே என்று அப்படியே விடாதீர்கள். தூக்கி நிமிர்த்தி மறுபடி இறுக்குங்கள்.

பிசகும் இடங்கள்

குழந்தை பின்னால் சாய்ந்தால் மேல்கரை தளர்ந்திருக்கிறது. உள்ளே மூழ்கிக்கொண்டே போனால் இருக்கை ஆழமில்லை அல்லது கீழ்கரை தளர்வு. முழங்கால் மடக்கில் சிவந்த கோடு விழுந்தால் துணியின் ஓரம் ஒரே கோடாக அழுத்துகிறது, விரித்துவிடுங்கள். கால்விரல் நிறம் மாறினால் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். இடுப்பு வலித்தால் குழந்தை தாழ்வாகத் தொங்குகிறது என்று பொருள். தோள் வலித்தால் துணி குவிந்திருக்கிறது. அப்படியில்லாமலும் வலித்தால் தோள் மாற்ற நேரமாகிவிட்டது. ஒற்றைத் தோள் சுமை இது, 8 கிலோவைத் தாண்டிய குழந்தையை மணிக்கணக்கில் சுமக்க ஏற்றதில்லை. தானாக உட்காரத் தொடங்கிய குழந்தையை நடு மார்பிலிருந்து இடுப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டால் பளு பாதியானது போல இருக்கும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இதில் ஒரு வசதி, வயிற்றில் பட்டை எதுவும் இறுக்காது. ஆனால் குழந்தையின் கால் தையலில் உதைபடாத உயரத்தில் கட்ட வேண்டும். எப்போது தொடங்கலாம் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வெயில் காலத்தில் துணியும் ஓர் உடுப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். பிடரியில் கை வைத்து வியர்வை பாருங்கள். வெயிலுக்கு மறைவாக முந்தியை எடுத்து முகத்தில் போர்த்துவது கூடவே கூடாது, குடை பிடியுங்கள்.

கட்டிக்கொண்டு செய்யக்கூடாதவை

இருசக்கர வாகனம் வேண்டாம், பின்னால் உட்கார்ந்தும் வேண்டாம். கோயிலுக்கு ரெண்டு தெருதான் என்பதெல்லாம் கணக்கில்லை. காரில் ஸ்லிங் குழந்தை இருக்கைக்கு மாற்றாகாது. அடுப்படியில் தாளிப்பு, பொரியல், குக்கர் இறக்குவது வேண்டாம். கையில் சூடான காபி வேண்டாம். ஸ்லிங்கோடு படுத்துத் தூங்கக் கூடாது, நாற்காலியில் கண்ணயர்வதும் அதில்தான் சேரும். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காதீர்கள். ஒரு கை குழந்தையின் முதுகில், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள்.

துவைப்பது, வைப்பது

மென்மையான சோப்பில் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் இழையைத் தின்னும். துணி மென்மைத் திரவம் போட்டால் வளையத்தில் பிடிமானம் குறையும். கஞ்சி போட்டால் இறுகவே இறுகாது. வாஷிங் மெஷினில் போடுவதானால் வளையங்களைத் தடித்த காலுறைக்குள் விட்டு முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் டிரம்மில் மோதி வளையத்தில் பள்ளம் விழும்.

மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வளையம் அமரும் மடிப்பு, மூன்று தையல் வரிகள், வழக்கமாகத் துணி பூட்டும் இடம், இந்த மூன்றும்தான் முதலில் தேயும். தையல் விட்டிருந்தால் மூன்று வரியையும் பிரித்துப் புதிதாக அடிக்கலாம். துணியே மெலிந்திருந்தால் ஒட்டுப் போட வேண்டாம். வளையத்தை வெட்டி எடுத்து அடுத்த ஸ்லிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து மெத்தென்று ஆகியிருக்கும் அந்தத் துணி, குழந்தையைத் துவட்டவும் போர்த்தவும் ஆகும்.